பத்தாவது வரி

செவ்வாய் என்றால் எனக்கு ஏழு கண்கள்.
ஏழும் வெவ்வேறு முகத்தில்.
பச்சைத் துணியின் ஓட்டைக்குள்
புரை பழுத்து ஒவ்வொன்றாய் வரும்,
என்னைப் பார்க்காமல் பார்க்கும்.
"அசையாதீர்கள்" என்பேன்.
மலைமேட்டிலிருந்து இறங்கிவந்த இடையர் கேட்பார்:
"நாளைக்குக் குதிரை ஏறலாமா?"
"ஒரு மாதம் கூடாது."
"அதுவரை நான் நடந்தா போவது?" என்று சிரிப்பார்.
கண் குலுங்கும். என் கை நிற்கும்.

மூன்றரைக்குப் பள்ளி விடும்.
குபாத்தின் வேன் அந்நேரம் பிஷ்கெக் சாலையில்
ஏதோ ஒரு கணவாயில் ஏறிக்கொண்டிருக்கும்.
ஆகவே பெகிமாய் என் அறையில் வளர்ந்தாள்.
மூலை நாற்காலி, வீட்டுப்பாடம், பாதி ரொட்டி.
சுவரில் விளக்கெரியும் எழுத்துப் பலகை.
கிழவர்கள் தடவித் தடவிச் சொல்வார்கள்:
ஷா, பே.
எம், என், கா.
அதற்குக் கீழே பனிமூட்டம் என்பார்கள்.
ஓட்டுநர் உரிமத்துக்கு வரும் பையன்கள்
பத்தாவது வரி வரை ஒரே மூச்சில் இறங்குவார்கள்.

எனக்கென்று ஒன்று கேட்டிருந்தேன், யாரிடமும் அல்ல.
பழைய துறைமுகத்தின் துருப்பிடித்த பாரந்தூக்கியிலிருந்து
எதிர்ப்பக்க மணல்மூக்கு வரை நீந்த வேண்டும்.
மூன்று கிலோமீட்டர். நாற்பது வயதுக்குள்.
நாற்பது வந்தது, சூப் குடித்தது, போனது.
நாற்பத்தொன்றில் ஐந்தரைக்கு எழப் பழகினேன்.
எங்கள் ஏரி குளிர்காலத்திலும் உறைவதில்லை;
சாக்குச் சொல்ல வழியில்லை.

குபாத் ஊரில் இருக்கும் காலைகளில்
"நீ போ, தேநீர் நான் போடுகிறேன்" என்பான்.
போடுவான். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கும்.
ஈரத்தலையோடு துடைப்பேன், பேசாமல்.
பேசாமல் இருந்ததே ஒரு சண்டைதான்;
இருவருக்கும் தெரியும்.

ஜூலையில் ஒரு ஞாயிறு பெகிமாயும் வந்தாள்.
சிவப்புத் தொப்பியோடு நானூறு மீட்டர் போய்த்
திரும்பிப் பார்க்கிறேன்.
கரையில் அவள் இரண்டு கையையும் வீசி
உற்சாகமாய்க் கூப்பிடுகிறாள்,
மிதவையை.
எனக்கு இடப்பக்கம், வெகு தள்ளி,
சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்த சிவப்பு மிதவையை
"அம்மா, அம்மா" என்று.

தண்ணீர் அப்போதுதான் குளிர்ந்தது.

திங்களன்று அவளை நோயாளி நாற்காலியில் உட்காரவைத்தேன்.
ஒரு கண்ணை மூடச் சொன்னேன். "பத்தாவது வரி."
படபடவென்று ஒப்பித்தாள், ஓர் எழுத்தும் பிசகவில்லை.
அடுத்த கண்ணுக்கும் அப்படியே.
நர்ஸ் துர்சுனாய் கைதட்டினாள்.
எழுத்தைச் சுட்டும் கோல்
இன்னும் மேஜைமேல்தான் கிடந்தது.

பலகையின் மறுபாதியில் வளையங்கள் உண்டு,
ஒவ்வொன்றிலும் எலி கடித்தாற்போல் ஓர் இடைவெளி.
எழுத்தறியாதவர்களுக்கானவை.
"வாய் எந்தப் பக்கம்?" என்றேன்.
மூன்றாம் வரியில் நின்றுவிட்டாள்.
"இவற்றை யாரும் சத்தமாய்ச் சொன்னதில்லையே, அம்மா."

மைனஸ் இரண்டரை. இரண்டு கண்ணிலும்.
மூன்று வருடம், என் முதுகிலிருந்து இரண்டு மீட்டரில்.

அன்றிரவு குபாத்திடம் தொலைபேசியில் சொன்னேன்.
வெகுநேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
பிறகு, "கிட்டத்தில் இருப்பது தெரிகிறதுதானே அவளுக்கு?" என்றான்.
தெரியும் என்றேன்.
கேள்வியை அதோடு விட்டுவிட்டான், நல்லவன்.

ஆகஸ்டில் மறுபடி.
அவள் தேர்ந்த கண்ணாடிச் சட்டம் கத்தரிப்பூ நிறம், விலை அதிகம்.
பாதி வழியில் உலான் காற்று எழுந்தது.
அலை கன்னத்தில் அறைந்தது, மெல்லிய உப்போடு.
மணல்மூக்கு தெரிந்தது, நெருங்கவில்லை.

கரையேறித் துண்டை வாங்கும்போது சொல்லிவைத்தேன்:
"கிட்டத்தட்டத் தொட்டுவிட்டேன்."
"இல்லை" என்றாள் பெகிமாய்.
"பாதியில் கொஞ்ச நேரம் நின்றாய்.
தொப்பியைச் சரிசெய்தாய். அப்புறம் திரும்பினாய்.
எல்லாம் பார்த்தேன்."

அவள் கண்ணாடியில் சாரல் துளிகள்.
என் ஈரத்துண்டால் துடைக்கப் போனேன்.
"கீறல் விழும்" என்று கையைத் தட்டிவிட்டாள்.

நாளை மறுநாள் செவ்வாய்.
பட்டியலில் எட்டுக் கண்கள்.